ஆசீர் சத்துமாவு

செம்பாக்கம்
6.7.2003

அன்புள்ள அத்தானுக்கு, தபீதாள் எழுதுவது. ஸ்தோத்திரம். இங்கே நானும் கிறிஸ்டியும் கர்த்தருடைய கிருபையால் சுகம். உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது? அங்கே வெயில் ஐம்பதைத் தொடுகிறது என்று பேப்பரில் போட்டிருந்தான். தைலம் தீர்ந்திருந்தால் எழுதுங்கள்.

போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் வெள்ளிக்கிழமை நீங்கள் கூப்பிடுகிற ஐந்து நிமிஷத்தில் மூன்று நிமிஷம் "லைன் சரியில்ல, லைன் சரியில்ல" என்றே போய்விடுகிறது. இது லைன் சரியில்லாமல் கேட்கக்கூடிய விஷயம் இல்லை.

இன்று ஆராதனை முடிந்து வந்து கறிக்கு வெங்காயம் அரிந்துகொண்டிருந்தேன். கிறிஸ்டி நம் ஏரியா கேபிள் சேனலைப் போட்டிருந்தாள். சித்தப்பா டிவியில் வருகிறார் என்று கத்தினாள். போய்ப் பார்த்தால் உங்கள் தம்பி எபிதான். மூன்று வருஷமாக டிவிஎஸ் ஐம்பதில் மூட்டை கட்டிக்கொண்டு கடைகடையாக அலைந்தும் விற்காத அவனுடைய சத்துமாவுக்கு விளம்பரம். விளம்பரம் என்றால் மாவைக் காட்டவே இல்லை. பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு தன் கதையைச் சொல்கிறான். பின்னால் கீபோர்டு அழுகிறது. மறைமலை நகர் கம்பெனி வேலையை உதறியதாம், சேலையூர் ஆஸ்பத்திரி வாசலில் அழுததாம். நானும் சிரித்துக்கொண்டுதான் பார்த்தேன், அடுத்த நிமிஷம் திரை நிறைய நம் ஆசீர் வரும்வரைக்கும்.

பந்தைக் கட்டிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிற அந்தப் படம். எபி சொல்கிறான்: "இவன் என் அண்ணன் மகன் ஆசீர். ரெண்டு வயசுல எழுந்து நிக்க முடியாம கெடந்தான். டாக்டருங்க கைய விரிச்சிட்டாங்க. எங்க அண்ணி அரைச்ச இந்த மாவுதான் அவனத் தூக்கி நிறுத்துச்சு. இன்னிக்கு ஆசீர் இன்ஜினியரிங் ரெண்டாவது வருஷம்."

அத்தான், வருகிற ஆகஸ்டு பதினாலோடு நம் பிள்ளை செத்துப் பதினேழு வருஷம். நீங்கள் அப்போது அங்கே இருந்தீர்கள், உங்களுக்குத் தந்திதான் வந்தது. எபி இங்கே இருந்தான். அந்தச் சின்னப் பெட்டியை இரண்டு கையிலும் ஏந்திக் கல்லறைத் தோட்டம் வரைக்கும் நடந்தவன் அவன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இவன் ஒரு கல்லறையையே மறைத்துவிட்டான்.

அந்தப் படம் இரண்டே பிரதிதான். ஒன்று என் பைபிளில் இருக்கிறது, இப்போதுதான் திறந்து பார்த்தேன். இன்னொன்று உங்கள் பர்ஸில். ஏர்போர்ட்டில் பர்ஸுக்குள் போகவில்லை என்று அதை நீங்கள் இரண்டாக மடித்தபோது, பிள்ளையை மடிக்காதீர்கள் என்று நான் சண்டை போட்டேன். அது பத்திரமாக இருக்கிறதா? எழுதுங்கள். உங்கள் சுகத்துக்கும் எழுதுங்கள்.

இப்படிக்கு,
தபீதாள்

இப்ரி கேம்ப், ஓமன்
24.7.2003

அன்புள்ள தபீதாளுக்கு வேதசிரோமணி எழுதுவது. உனக்கும் மகளுக்கும் ஸ்தோத்திரம். நான் இங்கு சுகம். முதுகுவலி பரவாயில்லை. புது சூப்பர்வைசர் வந்திருக்கிறான், நல்லவன் மாதிரி தெரிகிறது. போன வெள்ளி ரூமில் உஸ்மான் பாய் பிரியாணி செய்தார். பல்லாவரத்துக்காரர் கைப்பக்குவம் பல்லாவரம்தான்.

எபி விஷயம் படித்தேன். வியாபாரம் என்றால் நாலு வார்த்தை கூடக்குறைய இருக்கும். கெட்ட எண்ணத்தில் செய்திருக்கமாட்டான். நான் அவனுக்கு எழுதுகிறேன். நீ மனதை அலட்டிக்கொள்ளாதே. மழை வருவதற்குள் தண்ணீர் சம்ப்பைக் கழுவிவிடு. கிறிஸ்டிக்குப் பத்தாம் வகுப்பு, டிவியைக் குறைக்கச் சொல். உங்கள் சுகத்துக்கு எழுதவும்.

அன்புடன்,
வேதசிரோமணி

செம்பாக்கம்
5.8.2003

அன்புள்ள அத்தானுக்கு ஸ்தோத்திரம். நாங்கள் சுகம். சம்ப்பைக் கழுவியாகிவிட்டது. நான் கேட்காத சம்ப்புக்குப் பதில் வந்தது, கேட்ட படத்துக்கு வரவில்லை.

இப்போது அந்த மாவின் பெயர் எபி சத்துமாவு இல்லை. ஆசீர் சத்துமாவு. தாம்பரம் மார்க்கெட்டில் ஒரு பாக்கெட் வாங்கிவந்தேன். முன்பக்கம் முழுக்க நம் பிள்ளை. அச்சு நன்றாகவே இருக்கிறது, பந்தின் நடுவில் மட்டும் மேலிருந்து கீழாக ஒரு வெள்ளைக் கோடு ஓடுகிறது. கடைக்காரர் ரேக்கில் நாலு பாக்கெட்தான் மிச்சம் என்றார். என் ஸ்கூல் ஆபீசில் ரத்தினபாய் டீச்சர் வந்து, "பையன் இன்ஜினியரிங்கா? இத்தன வருஷமா ஒரு வார்த்த சொன்னதில்லையே, கண்ணு வெச்சிடுவோம்னா?" என்று கிண்டல் செய்தார். டைப் அடித்துக்கொண்டிருந்த சுற்றறிக்கையில் ஒரு வரியை இரண்டு முறை அடித்துவிட்டேன்.

சனிக்கிழமை பள்ளிக்கரணைக்குப் போனேன். எபியின் ஷெட்டில் முன்பு ஒரு அரவை மெஷின் இருந்தது, இப்போது மூன்று ஓடுகிறது. ஸ்டூல் போட்டு, ஜூஸ் கொடுத்து, உபசாரம் பலமாக இருந்தது. கேபிள்காரர் பக்தவச்சலம்தான் கல்யாண வீடியோவும் எடுப்பவர், அவர்தான் இந்த யோசனையைச் சொன்னாராம். ஜனங்கள் மாவை வாங்கமாட்டார்கள், மாவுக்குப் பின்னால் இருக்கிற ஆளின் கதையைத்தான் வாங்குவார்கள் என்றாராம். கதை வேண்டுமென்றால் உன் கதையைச் சொல்லேன், என் பிள்ளை எதற்கு என்றேன். அதற்கு அவன் என் முகத்தைப் பார்த்தே சொன்னான்: "அண்ணி, என் கதையில அவன் உசுரோட இருக்கான். அதுல உங்களுக்கு என்ன நஷ்டம்?"

படம் எங்கே கிடைத்தது என்று கேட்டேன். வீட்டில் எங்கேயோ கிடந்தது என்றான். அந்தக் கோடு என்ன என்றேன். அச்சுப்பிழை என்றான். கல்லுளிமங்கன்.

உங்கள் பர்ஸில் இருக்கும் படம் பத்திரமா? எழுதுங்கள்.

இப்படிக்கு,
தபீதாள்

இப்ரி கேம்ப்
30.8.2003

அன்புள்ள தபீதாளுக்கு ஸ்தோத்திரம். பதில் தாமதம், மன்னிக்கவும். ஒரு வாரம் காய்ச்சல். ஷாகுல் தம்பிதான் கஞ்சி வைத்துக் கொடுத்தான். இப்போது சுகம்.

எபி போன் செய்தான். நீ ஷெட்டுக்கு வந்து கோபப்பட்டாய் என்று வருத்தப்பட்டான். அவனுக்கும் இரண்டு பெண்பிள்ளைகள். இப்போதுதான் தலை நிமிர்ந்திருக்கிறான். தப்பு என்றால் கர்த்தர் பார்த்துக்கொள்வார், பழிக்குப் பழி நம்முடைய வேலை இல்லை. இரண்டாவதாக ஒரு வீடியோ எடுக்கப்போகிறானாம், உன்னிடம் கேட்க வருவான். முகத்தில் அடித்தமாதிரி பேசிவிடாதே. மோட்டாருக்கு காயில் மாற்றினாயா? உங்கள் சுகத்துக்கு எழுதவும்.

அன்புடன்,
வேதசிரோமணி

செம்பாக்கம்
9.9.2003

அன்புள்ள அத்தானுக்கு ஸ்தோத்திரம். காய்ச்சல் விட்டதில் சந்தோஷம். உங்களுக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்த ஷாகுல் தம்பிக்கு என் நன்றியைச் சொல்லுங்கள். நாங்கள் சுகம். மோட்டார் ஓடுகிறது.

ஆகஸ்டு பதினாலுக்குப் பிறகு நீங்கள் எழுதிய முதல் கடிதம் அது. காய்ச்சல் இருக்கிறது, மோட்டார் இருக்கிறது, அந்தத் தேதி இல்லை. நானும் கிறிஸ்டியும் போய்ப் பூ வைத்துவிட்டு வந்தோம். சிமெண்டுச் சிலுவையில் பெயர் பாதி உதிர்ந்துவிட்டது. தடவிப் பார்த்தால்தான் தெரிகிறது.

எபி வந்தான். தனியாக வரவில்லை. சபையில் கீபோர்டு வாசிக்கிற ஒரு பையன், பத்தொன்பது வயது இருக்கும், நல்ல உயரம், அவனுக்குப் புதுச் சட்டை போட்டுக் கூட்டிவந்தான். அவன்தான் ஆசீராம். அன்று படுத்த படுக்கை, இன்று கல்லூரி மாணவன் என்று இரண்டாவது வீடியோவாம். நான் அந்தப் பையனுக்கு ஒரு ஸ்பூன் கஞ்சி ஊட்ட வேண்டுமாம். அவன் என்னை அம்மா என்று கூப்பிட வேண்டுமாம். எபி ஒத்திகை பார்க்கச் சொன்னான். அந்தப் பையன் என் முகத்தைப் பார்த்துவிட்டு வாயைத் திறக்கவில்லை. அந்த மட்டுக்கும் அவனிடம் எனக்குக் கோபம் இல்லை.

அவர்கள் போனபிறகு கிறிஸ்டி கேட்டாள்: "அண்ணன் இருந்திருந்தா இவ்ளோ ஹைட்டா இருப்பானாம்மா?" இத்தனை நாளும் என் மனதில் அவன் ஸ்டூலில்தான் உட்கார்ந்திருந்தான். இப்போது எழுந்து நிற்கிறான், முகம் மட்டும் இல்லை. இதை எபி எனக்குச் செய்தான். நான் எபிக்கு ஒன்று செய்யவேண்டும், அத்தான். ஒளித்துப் பேசி எனக்குப் பழக்கமில்லை. கர்த்தருக்கு ஆயிரம் வேலை இருக்கும். இந்த ஒரு வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன்.

யோசித்துச் சொல்வதாக எபியிடம் சொல்லியிருக்கிறேன். உங்கள் பர்ஸில் இருக்கும் படம் பத்திரமா?

இப்படிக்கு,
தபீதாள்

இப்ரி கேம்ப்
27.9.2003

அன்புள்ள தபீக்கு ஸ்தோத்திரம். சுகம், சுகத்துக்கு எழுதவும்.

அவசரமாக எழுதுகிறேன், நாளை ஒருவர் மஸ்கட் போகிறார், கொடுத்தனுப்ப வேண்டும். கோபத்தில் எதையும் செய்துவிடாதே. எபி கேட்பதைச் செய்துவிடேன் தபீ. ஒருநாள் வேலைதானே. ஒரு ஸ்பூன் கஞ்சிதானே. அந்தப் பையன் நல்ல உயரம் என்று எழுதியிருக்கிறாய். எந்தப் பக்கம் வகிடு எடுக்கிறான்? சிடி வந்தால் நானும் இங்கே பார்ப்பேன். நீயும் அவனும் ஒன்றாக இருப்பதை ஒருமுறை பார்க்கலாம்.

அன்புடன்,
வேதசிரோமணி

செம்பாக்கம்
8.10.2003

அன்புள்ள அத்தானுக்கு ஸ்தோத்திரம். நாங்கள் சுகம்.

உங்கள் கடிதத்தை நாலு தடவை படித்தேன். வகிடு கேட்டிருக்கிறீர்கள். யாருடைய வகிட்டை, அத்தான்?

சரி, நீங்கள் கேட்டபடியே கேமரா முன்னால் பேச எபியிடம் சம்மதம் சொல்லிவிட்டேன். இரண்டே நிபந்தனை. தேதி நான் சொல்வது, பேச்சு நான் பேசுவது. நவம்பர் இரண்டு, ஞாயிறு என்றேன். எபிக்குக் கால் தரையில் இல்லை. இப்போதே கேபிளில் கீழே எழுத்து ஓடுகிறது: நவம்பர் 2 மாலை 7 மணிக்கு ஆசீரின் தாயார் பேசுகிறார், காணத் தவறாதீர்கள். சரக்கு எடுக்கிற கடைக்காரர்கள் எல்லோருக்கும் போன் போட்டுப் பார்க்கச் சொல்கிறான். என்ன பேசப்போகிறேன் என்று அவனிடம் நான் சொல்லவில்லை. நீங்களும் அவனிடம் ஒன்றும் கேட்காதீர்கள்.

லாசரஸ் கொத்தனாரிடம் ஒரு சின்ன வேலை கொடுத்திருக்கிறேன். அதில் உங்களைப்பற்றி ஒரு விஷயம் முடிவாகவேண்டும். அதனால் கடைசியாகக் கேட்கிறேன். உங்கள் பர்ஸில் இருந்த படம் எங்கே? பாக்கெட்டில் ஓடுகிற அந்தக் கோடு அச்சுப்பிழை இல்லை என்று எனக்கு ஆகஸ்டிலேயே தெரியும். மடித்த கை எது என்றும் தெரியும். உங்கள் வாயால் வரட்டும் என்றுதான் ஒவ்வொரு கடிதத்திலும் கேட்டேன். மாதக் கடைசிக்குள் பதில் என் கைக்கு வரவேண்டும். போனில் வேண்டாம், எழுதுங்கள்.

இப்படிக்கு,
தபீதாள்

இப்ரி கேம்ப்
29.10.2003

அன்புள்ள தபீக்கு.

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. தினமும் எழுத உட்கார்ந்து தினமும் கிழித்தேன். இன்று கிழிக்கமாட்டேன்.

படம் என்னிடம் இல்லை. ஜனவரியில் லீவில் வந்தபோது எபியிடம் நான்தான் கொடுத்தேன். அது மட்டும் இல்லை. கதையை எழுதியதும் எபி இல்லை, நான்.

ஆசீர் போனபிறகு எண்பத்தேழில் லீவு முடிந்து திரும்பி வந்தேன் அல்லவா? கேம்ப்பில் கால் வைத்ததும் தந்தி விஷயம் தெரியாத ஒருவன், "பையன் எப்டி இருக்கான்?" என்றான். "நல்லா இருக்கான்" என்று வாயில் வந்துவிட்டது. அப்புறம் அதை எப்படி மாற்றுவது? அடுத்த வருஷம் ஸ்கூலில் சேர்த்துவிட்டேன் என்றேன். பத்தாவது பாஸ் என்று சாக்லெட் வாங்கிக் கொடுத்தேன். ஆட்கள் மாறினார்கள், நான் மாற்றவில்லை. உஸ்மான் பாயும் ஷாகுலும் இன்றைக்கும் என்னை ஆசீர் அப்பா என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவன் இன்ஜினியரிங் படிக்கிறான் என்பது நான் அவர்களுக்குச் சொன்னது.

ஜனவரியில் எபியிடம் இதைச் சொல்லி அழுதேன். அவன் ஆறுதல் சொன்னான். மறுநாள் வந்து, அண்ணா, இதையே நான் வீடியோவில் சொல்லட்டுமா என்று சொல்லிக் காட்டினான். நான் சொன்னதைவிட நன்றாகச் சொன்னான். வேண்டாம் என்று எனக்குச் சொல்ல வரவில்லை. என் பிள்ளை காலேஜுக்குப் போகிறான் என்று அடுத்தவர் வாயால் கேட்டது அன்றைக்குத்தான். படத்தை எடுத்துக் கொடுத்துவிட்டேன். அந்த சிடியை இங்கே எல்லோருக்கும் போட்டுக் காட்டினேன்.

நீ என்ன செய்தாலும் எனக்கும் சேர்த்துச் செய். சுகத்துக்கு எழுது.

வேதசிரோமணி

செம்பாக்கம்
4.11.2003

அன்புள்ள அத்தானுக்கு ஸ்தோத்திரம். நாங்கள் சுகம். உங்கள் பதில் வரவில்லை. முப்பது, முப்பத்தொன்று, ஒன்று என்று மூன்று நாள் லாசரஸ் கொத்தனாரை நிறுத்திவைத்தேன். தபால்காரர் மூன்று நாளும் கரண்ட் பில்லும் கல்யாணப் பத்திரிகையும்தான் கொடுத்தார். அதற்குமேல் என்னால் காத்திருக்க முடியவில்லை.

நவம்பர் இரண்டு கல்லறைத் திருநாள். நீங்கள் இந்த நாளில் ஒருமுறைகூட ஊரில் இருந்ததில்லை, அதனால் சொல்கிறேன். சபை ஜனம் முழுக்கக் கல்லறைத் தோட்டத்துக்கு வந்து, புல்லைப் பிடுங்கி, சுண்ணாம்பு அடித்து, சாமந்தி மாலை போட்டு, மெழுகுவத்தி ஏற்றுவோம். நாலைந்து வருஷமாக பக்தவச்சலம் கேமராவோடு வருகிறார். ஒவ்வொரு கல்லறையின் பக்கத்திலும் குடும்பத்தை நிற்கவைத்து, போனவரைப்பற்றி இரண்டு வார்த்தை பேசச்சொல்லி எடுத்து, சாயந்திரம் ஏழு மணிக்குப் போடுவார். நான் ஒரு வருஷமும் அவர் கேமராவுக்கு நின்றதில்லை. இந்த வருஷம் அந்த நிகழ்ச்சியை வழங்குவது யார் தெரியுமா? ஆசீர் சத்துமாவு.

எபியைப் பன்னிரண்டு மணிக்கு வீட்டுக்கு வரச்சொல்லியிருந்தேன். பக்தவச்சலத்திடம், காலையில் கல்லறைத் தோட்டத்திலேயே என் பேச்சை எடுத்துவிடுங்கள் என்று சொல்லியிருந்தேன். என் மாமியாரையோ மாமனாரையோ நினைத்து இரண்டு வார்த்தை பேசப்போகிறேன் என்று அவர் எண்ணிக்கொண்டார். தூறல். கிறிஸ்டி குடை பிடித்தாள். அவர் கேமராவை நனையாமல் மூடிக்கொண்டு ஒவ்வொன்றாக முடித்துக் கடைசியாக என்னிடம் வந்தார்.

உதிர்ந்த சிலுவை இருந்த இடத்தில் இப்போது கறுப்புக் கல் நிற்கிறது. கல்லில் பீங்கானில் பதித்த படம், என் பைபிளில் இருந்தது, மடிப்பில்லாதது. அதன் பக்கத்தில் சத்துமாவுப் பாக்கெட்டை நிறுத்தினேன். எபி வீடியோவில் எப்படித் தொடங்குகிறானோ அப்படியே தொடங்கினேன். மூன்று நாள் கண்ணாடி முன்னால் நின்று பழகியிருந்தேன்.

"எல்லாருக்கும் வணக்கம். என் பேரு தபீதாள். எங்க ஆசீரோட கதைய நீங்க எல்லாரும் டிவில பாத்தீங்க. இது பாக்கெட்டுல இருக்கிற ஆசீர். இது கல்லுல இருக்கிற ஆசீர். ரெண்டும் ஒரே பையன். எண்பத்தாறு ஆகஸ்டு பதினாலுல இருந்து இங்கதான் இருக்கான், எந்தக் காலேஜுக்கும் போகல. மாவு நல்ல மாவு, அத மொதல்ல அரைச்சவ நான். கதைதான் பொய்."

அவ்வளவுதான், ஒரு நிமிஷம்கூட இல்லை. பக்தவச்சலம் கேமராவை இறக்கிவிட்டார். குனிந்து பாக்கெட்டை எடுத்தார், கல்லைப் பார்த்தார், திரும்பப் பாக்கெட்டைப் பார்த்தார்.

"இன்னாமா இது? என் பேத்திக்கு இத்தாம்மா குட்த்துகினு கீறோம். ஆசீர் மாரி வளருன்னு சொல்லிச் சொல்லி ஊட்டுது எங்க வூட்ல."

எனக்கு அவரைப் பார்த்து அழுகை வந்துவிட்டது. இதைப் போடுவதும் போடாததும் உங்கள் இஷ்டம், விளம்பரம் கொடுப்பவன் எபி என்றேன். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு மெழுகுவத்தி வாங்கி ஏற்றினார். ஒரு வார்த்தை வெட்டமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

பன்னிரண்டு மணிக்கு எபி வந்தான், அந்தப் பையனோடு. பக்தவச்சலம் காலையிலேயே எடுத்துவிட்டார், நான் நன்றாகப் பேசினேன், சாயந்திரம் பார் என்றேன். சந்தோஷமாகப் போனான். போகட்டும் என்றுதான் விட்டேன். ஏழு மணி நேரம் அவன் சந்தோஷமாக இருக்கவேண்டும், அப்புறம் விழவேண்டும். அந்தக் கீபோர்டுப் பையனுக்கு மட்டும் கஞ்சி ஊற்றிக் கொடுத்தேன். எபிக்கு ஊற்றவில்லை.

ஏழு மணிக்குப் போட்டார்கள். அவர் சொன்னபடி ஒரு வார்த்தை வெட்டவில்லை. எனக்கு முன்னாலும் பின்னாலும் எபியின் விளம்பரம் ஓடியது. மறுநாள் தாம்பரத்தில் பாதிக் கடைகள் பாக்கெட்டைத் திருப்பி அனுப்பிவிட்டன. இன்று காலையில் நான் ஸ்கூலுக்குக் கிளம்பும்போது எபி கேட்டில் நின்றான். சவரம் செய்யாத முகம்.

"என் பொழப்புல மண்ணப் போட்டுட்டீங்களே அண்ணி."

"மண்ணு போட்டது எண்பத்தாறுல, எபி. நீ ஒரு பிடி, நான் ஒரு பிடி. நீதான் மறந்துட்ட."

அவன் கேட்டைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்தான். நான் தாண்டிப் போய் பஸ் ஏறினேன். மனசாட்சி குத்தியதா என்று கேட்பீர்கள். இல்லை. சேலையூர் கேம்ப் ரோடு வரைக்கும் ஜன்னலோரம் காற்று நன்றாக வந்தது.

இனி உங்கள் விஷயம். பழைய சிலுவையில் வேதசிரோமணி - தபீதாள் தம்பதியரின் மகன் என்று இருந்தது. லாசரஸ் புதுக் கல்லுக்கு வாசகம் கேட்டார். ஒன்றாம் தேதி சாயந்திரம்வரை பார்த்துவிட்டு எழுதிக் கொடுத்தேன். ஆசீர், பிறப்பு 3.10.1984, இறப்பு 14.8.1986, தபீதாளின் மகன். அப்பா பெயர் விட்டுப்போச்சேம்மா என்றார். விட்டுப்போகவில்லை, அவர் பிள்ளையைத் தம்பிக்குக் கொடுத்துவிட்டார் என்றேன். ஏழு மணிக்குத் தாம்பரம் முழுக்க அதைப் படித்தது.

இப்படிக்கு,
தபீதாள்

செம்பாக்கம்
12.11.2003

அத்தானுக்கு.

இருபத்தொன்பதாம் தேதி நீங்கள் எழுதியது பத்தாம் தேதி வந்தது. பத்து நாள் கிழித்ததாக எழுதியிருக்கிறீர்கள். அதில் ஒரு நாள் கிழிக்காமல் அனுப்பியிருந்தால் கல்லில் உங்கள் பெயர் இருந்திருக்கும்.

படித்தேன், அழுதேன். அழுதுவிட்டு இன்னும் கோபமாகத்தான் எழுந்தேன். நீங்கள் அங்கே ஒரு பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்து, பாஸ் பண்ணவைத்து, சாக்லெட் கொடுத்தீர்கள். நான் இங்கே ஒவ்வொரு நவம்பருக்கும் தனியாகச் சுண்ணாம்பு அடித்தேன். வளர்ந்தவனை நீங்கள் எடுத்துக்கொண்டு செத்தவனை என்னிடம் விட்டுவிட்டீர்கள். எபி செய்தது வியாபாரம். இதற்கு என்ன பெயர் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

உங்களுக்கும் சேர்த்துச் செய்யச் சொல்லியிருக்கிறீர்கள். செய்கிறேன். அந்த சிடியைக் காட்டினீர்களே, அதே ஆட்களை அதே ரூமில் உட்காரவையுங்கள். ஆசீர் இல்லை என்று சொல்லுங்கள். தேதியைச் சொல்லுங்கள். அவர்கள் என்ன கேட்டார்கள் என்று எனக்கு எழுதுங்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

தபீதாள்

இப்ரி கேம்ப்
5.12.2003

அன்புள்ள தபீக்கு. நான் சுகம் என்று எழுத வரவில்லை.

சொல்லிவிட்டேன். நேற்று, வியாழக்கிழமை ராத்திரி, எல்லோரும் சாப்பிட்டபிறகு. ஏழு பேர் இருந்தார்கள். டிவியை அணைத்துவிட்டுச் சொன்னேன். யாரும் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். ஷாகுல் எழுந்து வெளியே போய்விட்டான். ஆசீருக்கு என்று அவன் போன மாதம் மஸ்கட்டில் ஒரு கால்குலேட்டர் வாங்கி வைத்திருந்தானாம்.

உஸ்மான் பாய்தான் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். துக்க வீட்டில் கேட்பதுபோலக் கேட்டார். என்ன செஞ்சுது பிள்ளைக்கு? எத்தன நாள் படுத்திருந்தான்? காலையிலயா, சாயங்காலமா? பக்கத்துல யாரு இருந்தா? கடைசியா எதுனா கேட்டானா?

எனக்கு ஒன்றுக்கும் பதில் தெரியவில்லை தபீ. காய்ச்சல் என்று தந்தியில் இருந்தது. அதற்குமேல் நான் உன்னைக் கேட்டதே இல்லை. பதினேழு வருஷத்தில் ஒருமுறை கேட்டதில்லை. அவருக்கு நான் என்ன சொல்வேன்? நீ எழுது.

வேதசிரோமணி

செம்பாக்கம்
16.12.2003

அன்புள்ள அத்தானுக்கு ஸ்தோத்திரம். நானும் கிறிஸ்டியும் சுகம்.

எபி மறுபடியும் எபி சத்துமாவு என்றே பாக்கெட் போடுகிறான். வெறும் மஞ்சள் பாக்கெட், படம் இல்லை. ஒரு அரவை மெஷின்தான் ஓடுகிறதாம். உங்கள் படத்தைக் கவரில் போட்டு கேட் பெட்டியில் வைத்துவிட்டுப் போயிருக்கிறான். அது என்னிடம் இருக்கிறது, மடிப்போடு.

உஸ்மான் பாய் கேட்டது அத்தனைக்கும் எனக்குப் பதில் தெரியும். எத்தனை நாள் என்று தெரியும், மணி தெரியும், அவன் கடைசியாக யாரைக் கேட்டான் என்றும் தெரியும். நீங்கள் கேட்பீர்கள் என்று எண்பத்தேழில் உங்களை அழைத்துவர ஏர்போர்ட்டுக்கு வந்தபோதே மனதில் வரிசையாக வைத்திருந்தேன். நீங்கள் பெட்டியில் இருந்த சோப்பையும் சென்ட்டையும் எடுத்துக் காட்டினீர்கள்.

அதைத் தபாலில் போடமாட்டேன். தனி ரூமில் படித்துவிட்டு மடித்து வைத்துக்கொள்வதற்கு நான் எழுதித் தரமாட்டேன். நீங்கள் இங்கே வந்து, என் எதிரில் உட்கார்ந்து, எழுந்து போகாமல், முதலிலிருந்து கடைசிவரை கேட்கவேண்டும். கேட்டு முடித்தபிறகு லாசரஸ் கொத்தனாருக்குச் சொல்லி அனுப்புகிறேன். கல்லில் என் பெயருக்கு மேலே ஒரு வரிக்கு இடம் விடச்சொல்லியிருந்தேன். அதை இதுவரை உங்களிடம் சொல்லவில்லை.

இந்தக் கடிதத்துக்குப் பதில் வேண்டாம். சுகத்துக்கும் எழுத வேண்டாம். வாருங்கள்.

தபீதாள்